ஒன்பது வயதில் ஒரு பிரிவினை: சிங்கப்பூரின் தொடக்க வகுப்புகள் மாறிய வரலாறு

டோபி காட் ரயில் நிலையத்திலிருந்து செலிகி சாலைப் பக்கம் நடந்தால் சற்றுத் தூரத்தில் ஷார்ட் ஸ்ட்ரீட் வரும். 1887 ஆகஸ்டில் அந்தத் தெருவின் கடைவீடு ஒன்றில், ஒன்பது தமிழ்ச் சிறுமிகளைக் கொண்டு சோஃபியா பிளாக்மோர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து சமயப் பணிக்கு வந்த அவருக்குத் தமிழ் வணிகர்கள் கைகொடுத்தார்கள். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் அதுதான்.

எந்த வகுப்பில் எதைக் கற்பிப்பது என்பதைத் தீவு முழுமைக்கும் வகுத்துச் சொல்லும் திட்டம் அப்போது இல்லை. தமிழ்ப் பள்ளிகள் நெடுங்காலம் இந்தியாவிலிருந்து வந்த புத்தகங்களையே நம்பியிருந்தன. நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று 1956இல் அனைத்துக் கட்சிக் குழு பரிந்துரைத்தது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு 1960இல் வந்தது. பொதுப் பாடத்திட்டம் உருவானதும், குழந்தைகளை எந்த வயதில் தரம் பிரிப்பது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979இல் அதற்குக் கடுமையான விடை தந்தது. தேர்வு எழுதிய பிள்ளைகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பள்ளியில் கற்ற இரண்டு மொழிகளில் ஒன்றிலாவது தோற்றிருந்தார்கள். படிப்பைப் பாதியில் விடுவோரைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறை உண்மையானது. ஆனால் தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே, ஒன்பது வயதில், பிள்ளைகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். சிலர் ஆறு ஆண்டில் முடிப்பதை மற்றவர்கள் எட்டு ஆண்டில் முடிக்க வேண்டும். கடைசிப் பிரிவுக்கு ஒரே மொழி, அதன்பின் தொழிற்பயிற்சி. வீட்டில் புழங்காத மொழியில் எழுதப் படிக்கப் பழகவே மூன்று ஆண்டு போதாத பிள்ளைக்கு அது பெரும் அநீதி.

அதே காலத்தில்தான் மிக நல்ல வேலையொன்றும் நடந்தது. 1980இல் அமைந்த பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் கோ டெக் ஹோங் குழுவினர் கணிதப் பாடத்தைப் புதிதாக எழுதினார்கள். முதலில் கையால் தொடும் பொருள், பிறகு படம், கடைசியில் எண் என்பது அவர்கள் பின்பற்றிய வரிசை. ரவியிடம் 28 படங்கள், அமீனாவிடம் 12 குறைவு, மொத்தம் எத்தனை? பிள்ளை நீளமாக ஒரு கட்டம் வரைந்து 28 என்று எழுதும். அதன் கீழே குட்டையாக இன்னொன்று வரைந்து, குறையும் இடத்தில் 12 என்று குறிக்கும். குட்டைக் கட்டம் 16, மொத்தம் 44 என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கூட்டுவதா கழிப்பதா என்ற தடுமாற்றம் பெருமளவு நீங்குகிறது. 1995ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணித ஆய்வில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றதும், இந்தக் கட்ட மாதிரி அமெரிக்கப் பள்ளிகள்வரை போய்ச் சேர்ந்தது.

தரம் பிரிப்பு மெல்ல மெல்லத்தான் தளர்ந்தது. 1990களில் அது நான்காம் ஆண்டின் முடிவுக்குத் தள்ளிப்போனது. 2008இல் பிரிவுகளே நீங்கி, பாடத்துக்கேற்ற நிலைகள் வந்தன. 2009இல் தொடக்கக் கல்வி மறுஆய்வுக் குழு, முதலிரண்டு வகுப்புகளில் பெரிய தேர்வுகளின் சுமையைக் குறைக்கச் சொன்னது. 2019 முதல் அந்த இரு வகுப்புகளிலும் மதிப்பெண்ணுக்கான தேர்வே கிடையாது. அறிவியல் பாடமும் மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது.

இந்த இரண்டு ஆண்டு அவகாசம் தமிழுக்கு மிகவும் தேவை. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. ஆங்கிலமோ 32.3இலிருந்து 48.3ஆக ஏறிவிட்டது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, எழுத்துத் தமிழோடு நல்ல பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் தரச் சொன்னது. ‘அம்மா வந்துகிட்டு இருக்காங்க’ என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும் பிள்ளையைத் திருத்தி உட்கார வைக்கத் தேவையில்லை என்றானது. எழுத்து வடிவத்தை ஆசிரியர் பிறகு பழக்கலாம்; தேர்வு நெருக்காத முதலிரண்டு வகுப்புகளில் அதற்கு நேரமும் இருக்கிறது.