நுண்ணுயிரும் நன்னீரும்

திருப்பூருக்குத் தெற்கே, பல்லடம் செல்லும் சாலையை அடுத்து அமைந்தது வீரபாண்டி. பனியன் தொழிலால் பேர்பெற்ற அவ்வட்டாரத்தில், ஒரு வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீன்கள் பெருகித் தொட்டி போதாமற் போகிறது. பெரிய தொட்டி ஒன்றை வாங்கி, நன்றாகக் கழுவி, புதுமணல் பரப்பி, புதுநீர் நிரப்பி, மீன்களை அதில் விடுகிறார்கள். பழைய தொட்டியின் வடிகட்டியிலிருந்த வழவழப்பான பஞ்சையும், அடியிற் கிடந்த மணலையும் அழுக்கென்று எறிந்துவிடுகிறார்கள். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. ஆயினும் சில நாட்களில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. பின் ஒவ்வொன்றாக மடிகின்றன. தூய்மை செய்ததா குற்றம்? அழுக்கென்று எறிந்த பொருளில் அப்படி என்னதான் இருந்தது? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

அந்த வரலாறு ஒரு தந்தையிடத்தும் மகனிடத்தும் தொடங்குகிறது என்பது வியப்புக்குரியது. இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர், 1850-ஆம் ஆண்டில் பொன்மீன்களையும் நீர்ச்செடிகளையும் ஒரே கலத்தில் வளர்த்து, அடிக்கடி நீரை மாற்றாமலே அவற்றைக் காக்க முடியும் என்று காட்டினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கிறது. செடி தரும் பிராணவாயுவை மீன் ஏற்கிறது. இரண்டும் சமநிலையில் நிற்கின்றன. இதுவே அவர் தந்த விளக்கம். அது பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு இடையறாது தோன்றுகிறதே, அதன் கதி என்ன? இக்கேள்வியின் மற்றொரு பாதியை ஆராயும் பணி, அதே பெயர் தாங்கிய அவருடைய மகனுக்கு வாய்த்தது.

மண்ணில் இட்ட எருவின் அம்மோனியா, நாளடைவில் வெடியுப்புச் சத்தாகிய நைட்ரேட்டாக மாறுவதை உழவர் உலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. இம்மாற்றம் வெறும் இரசாயன வினையே என்று பலர் எண்ணினர். 1877-இல் பிரெஞ்சு அறிஞர்களாகிய ஷ்லோசிங், முண்ட்ஸ் என்னும் இருவரும் ஒரு சோதனை செய்தனர். நீண்ட குழாயொன்றில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல மெல்லச் சொட்ட விட்டனர். ஏறத்தாழ 20 நாட்கள் ஒரு மாற்றமும் இல்லை. அதன்பின் வெளிவந்த நீரில் நைட்ரேட் தோன்றியது. வெறும் இரசாயன வினையாயின் முதல் நாளே தோன்றியிருக்க வேண்டுமன்றோ? பிறகு அவர்கள் குழாயினுள் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றுவிட்டது. குளோரோபாரத்தை நீக்கிய பின்னும் அது திரும்பவில்லை. சிறிதளவு மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியதும் மறுபடியும் தொடங்கிற்று! உயிருள்ள ஏதோ ஒன்று மணலில் குடியிருந்தது, அது மாண்டது, ஒரு கைப்பிடி மண் அதை மீட்டுக் கொடுத்தது.

வாரிங்டனின் மகன் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இதனைத் தொடர்ந்தார். அம்மோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது, பின்னரே நைட்ரேட் ஆகிறது, இரண்டு படிகளும் வெவ்வேறு உயிர்களின் வேலை என்பது அவருடைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. அவ்வுயிர்களைத் தனித்துப் பிரித்தவர் ருஷ்ய நாட்டு அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. ஆண்டு 1890. பிற கிருமிகளை வளர்க்கும் ஊட்டப்பாகில் இவை வளர மறுத்தன. அவை உண்பது பாகையன்று. அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, கரியமில வாயுவிலிருந்து தம் உடலைத் தாமே கட்டிக்கொள்கின்றன என்று அவர் கண்டார்.

மீன்தொட்டியில் நிகழ்ந்தது யாது என்பது இப்போது விளங்கும். எறியப்பட்ட பஞ்சில் அந்த நுண்ணுயிர்களின் குடியிருப்பு முழுவதும் இருந்தது. தயிருக்கு உறைமோர் எப்படியோ, தொட்டிக்கு அப்பஞ்சு அப்படி. புதுத்தொட்டியில் அவை தாமாகவே வந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஏனெனில் வேறு சில பாக்டீரியாக்கள் அரைமணிக்குள் இரட்டிக்கும்போது, இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ தேவை. ஆகவே தொட்டி மாற்றுபவர் பழைய பஞ்சையும் மணலையும் ஈரம் உலராமல் புதுத்தொட்டிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் அந்த நுண்ணுயிர்கள் மடியும். பழைய தொட்டி நீரிலேயே அலச வேண்டும். மீனுக்கு இரையைக் குறைத்து, நீரில் காற்று நன்கு கலக்கும்படி செய்து, நாள்தோறும் சிறிது நீரை மாற்றிவந்தால், குடி பெயர்ந்த உயிர்கள் மீண்டும் வேரூன்றும்.

இந்தச் சிறு தொட்டியின் நீதியே ஒரு பெருநகரின் நீதியாகவும் அமைந்தது. 1914-இல் மாஞ்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் என்னும் இருவர், சாக்கடை நீரைப் புட்டிகளில் அடைத்துக் காற்றை ஊதினர். அந்நீர் முற்றும் தூய்மையுற ஏறக்குறைய ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை எல்லோரும் செய்தது, அடியில் தங்கிய வண்டலைக் கொட்டிவிடுவது. அவர்களோ தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, வண்டலை அப்படியே வைத்து, அதன்மேல் புதுச் சாக்கடை நீரை ஊற்றினர். இவ்வாறு மீண்டும் மீண்டும் செய்ய, ஐந்து வாரம் பிடித்த வேலை 24 மணி நேரத்துக்குள் முடியலாயிற்று. இன்று உலகெங்கும் நகரக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் முறைக்கு இதுவே அடிப்படை. அவர்களை அவ்வழியில் தூண்டிய பேராசிரியர் கில்பர்ட் பவுலர், 1916-இல் நம் நாட்டுக்கு வந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றினார் என்பது நமக்குப் பெருமை தருவது.

இனி வீரபாண்டிக்குத் திரும்புவோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியிற் கலக்கும் நொய்யலின் கரையில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. அவற்றின் கழிவு ஆற்றிலும் நிலத்தடியிலும் இறங்கியது. பாசனத்துக்கென 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரில் ஒரு துளியும் வெளியே விடலாகாது என்று 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் விதித்தது. அவ்விதி நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. உழவனின் கிணறு ஒருபுறம், தொழிலாளியின் கூலி மறுபுறம். இரண்டும் ஒரே நீரில் கட்டுண்டு கிடந்தன. பின்னர், விதியை நிறைவேற்றிய அளவுக்குப் பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

வீரபாண்டியிலும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. இத்தகைய நிலையங்களில் காற்றூட்டப்படும் தொட்டிகளில் கரைந்த மாசுகளை உண்பவை நுண்ணுயிர்களே. இவை பலவகையின, மீன்தொட்டியின் குடிகளோடு எல்லாம் ஒன்றல்ல. ஆயினும் நியதி ஒன்றே. இரை நின்றால் அவை மெலிந்து மடியும். திடீரென நஞ்சு புகுந்தாலும் மடியும். அப்போது நம் நாட்டுப் பணியாளர்கள் செய்வது என்ன? நன்கு இயங்கும் வேறொரு நிலையத்திலிருந்து வண்டலைக் கொணர்ந்து இடுவார்கள். சாணத்தைக் கரைத்து ஊற்றி, வெல்லமும் இட்டு ஊட்டி வளர்ப்பார்கள். கழிவுநீரைச் சிறிது சிறிதாகவே விட்டுப் பழக்குவார்கள். ஷ்லோசிங்கும் முண்ட்ஸும் ஊற்றிய மண்கரைசலின் வழித்தோன்றலே இது எனலாம்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. சாயம் துணியிற் பிடிக்கவேண்டிச் சேர்க்கும் உப்பை எந்த நுண்ணுயிரும் உண்ணாது. அதைச் சவ்வுகளால் வடித்தும், நீரை ஆவியாக்கியும் மனிதனே பிரிக்க வேண்டும். அதற்குப் பொருட்செலவும் மின்சாரமும் மிகுதி. நுண்ணுயிர் தன் பங்கைச் செய்யும். நம் பங்கை அதன் தலையிற் கட்ட இயலாது.

அறிவு இன்னும் வளர்கிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்க இரண்டு உயிர்கள் வேண்டும் என்பது நூறாண்டுக்கு மேல் நிலைத்த கொள்கை. இரண்டு படிகளையும் தனியே முடிக்கும் ஓர் உயிரினம் உண்டு என்று 2015-இல் இரு ஆய்வுக்குழுக்கள் அறிவித்தன. அவற்றுள் ஒன்று அதைக் கண்டெடுத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டி! 165 ஆண்டுகளுக்கு முன் வாரிங்டன் பொன்மீனை வைத்து எழுப்பிய கேள்விக்கு, மீன்தொட்டியே மற்றொரு விடை அளித்தது.

ஆதலால், மாணவ நண்பர்களே, அழுக்கென்று ஒன்றை எறியுமுன் அதில் வாழ்வது யாது என்று ஒரு கணம் எண்ணுங்கள். தொட்டியில் மாண்ட குடியை ஒரு கைப்பிடிப் பழமணலால் மீட்கலாம். ஓர் ஆறு மாண்டால் அதை மீட்க எத்தனை தலைமுறையின் உழைப்பு வேண்டும் என்பதை நொய்யற்கரை இன்றும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.