களைத்த எஞ்சினுக்கு மறுவாழ்வு



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு லோரிச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டில் ஏறும்போது அதன் ஓசை மாறுவதைக் கேட்டே, "இன்றைக்குச் சுமை அதிகம்" என்று சொல்லிவிடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அந்த ஓசைக்குள் என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அதற்காகவே இன்று ஒரு பழைய லோரி எஞ்சினின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். இது நம் நாட்டுக் கதையன்று. அமெரிக்காவில் பிறந்து, பிரான்சு நாட்டுச் சாலைகளில் உழைத்துக் களைத்த எஞ்சின் இது. ஆயினும் உழைத்து வாழும் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இதில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்க இராணுவத்திற்காக ஜி.எம்.சி. நிறுவனம் இரண்டரை டன் லோரிகளை ஐந்து இலட்சத்திற்கும் மேலாகச் செய்து கொடுத்தது. அவற்றில் பூட்டிய எஞ்சினை '270' என்று அழைத்தார்கள். அதன் கொள்ளளவு 270 கன அங்குலம். நம் கணக்கில் ஏறக்குறைய 4.4 லிட்டர். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும் பெட்ரோல் எஞ்சின் அது.

ஆறு சிலிண்டர்களை ஏன் ஒரே வரிசையில் வைக்க வேண்டும்? ஓர் உரலில் இரண்டு பெண்கள் மாறி மாறி இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி உலக்கையை ஓங்கும்போது மற்றவள் இறக்குவாள். முறை தவறாதிருந்தால் களைப்புத் தெரியாது. இந்த எஞ்சினிலும் அப்படித்தான். முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் இணை இணையாக ஏறி இறங்குகின்றன. வெடிப்பு 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் நடக்கிறது. ஒன்றின் அதிர்ச்சியை மற்றொன்று ஈடு செய்துவிடும். ஆகவே இவ்வகை எஞ்சின் அதிகம் நடுங்காமல் ஓடும். சுமை இழுக்கும் லோரிக்கு இது ஏற்றது.

இனி இந்த எஞ்சின் பட்ட பாட்டைப் பார்ப்போம். 1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. ஆகஸ்டு மாதத்தில் அவை எதிர்பார்த்ததைவிட வேகமாக முன்னேறின. ஆனால் இரயில் பாதைகள் குண்டு வீச்சில் சிதைந்து கிடந்தன. படைகளுக்கு வேண்டிய பெட்ரோலும் உணவும் வெடிமருந்தும் கடற்கரையிலேயே குவிந்தன. வேறு வழியின்றி, ஆகஸ்டு 25-ஆம் நாள் ஒரு லோரிப் பாதையைத் திறந்தார்கள். போவதற்கு ஒரு சாலை, திரும்புவதற்கு வேறொரு சாலை. பொதுமக்களின் வண்டிகளுக்கு அதில் இடமில்லை. அதற்கு 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

நான்கே நாட்களில், ஆகஸ்டு 29 அன்று, 5,958 வண்டிகள் 12,342 டன் சரக்கைக் கொண்டு சேர்த்தன. நவம்பர் 16-ஆம் நாள் அந்தப் பாதை மூடப்பட்டபோது மொத்தம் 412,000 டன்னுக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தது. இவ்வளவையும் சுமந்தவர்கள் யார்? அந்த ஓட்டுநர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பின அமெரிக்கர்கள். அக்காலத்தில் அமெரிக்க இராணுவம் கறுப்பரையும் வெள்ளையரையும் தனித் தனிப் படைப் பிரிவுகளில் வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டில்தான் அதிபர் ட்ரூமன் அந்தப் பிரிவினையை ஒழிக்க ஆணையிட்டார். துப்பாக்கி ஏந்திப் போரிடும் வாய்ப்புப் பெரும்பாலும் மறுக்கப்பட்ட அவர்களே, போரிடும் படைக்குச் சோறும் எரிபொருளும் கொண்டு போனார்கள்.

இரவும் பகலும் ஓட்டம். இரண்டரை டன் வண்டியில் ஐந்து டன் வரை ஏற்றினார்கள். மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஆனால் சரக்கு உடனே வேண்டும் என்பது கட்டளை. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற யாரால் முடியும்? எஞ்சின் வரம்பு மீறிச் சுழலாதபடி தடுக்கும் 'கவர்னர்' என்ற கருவியைப் பல ஓட்டுநர்கள் கழற்றிவிட்டார்கள். வண்டி வேகம் எடுத்தது. ஆனால் சுழற்சி வேகம் இரு மடங்கானால், பிஸ்டனைப் பிடித்து இழுக்கும் தண்டின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். எண்ணெய் மாற்ற நேரமில்லை. பேட்டரியில் தண்ணீர் வற்றியது. எஞ்சின்கள் சூடேறிக் கருகின. வண்டிகள் கெட்டதற்கு ஓட்டுநர்களின் கவனக்குறைவே காரணம் என்ற குறையும் எழுந்தது. அவசரத்தைக் கட்டளையிட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

அவ்வாறு ஓடித் தேய்ந்த எஞ்சினைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. புதுப்பிக்கும் வண்ணமே அதைச் செய்திருந்தார்கள். இன்றும் ஐரோப்பாவில் அந்த லோரிகளைச் சீர் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது?

நல்ல மெக்கானிக் முதலில் எஞ்சினைப் பிரிப்பதில்லை, சோதிக்கிறார். எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று அளக்கிறார். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் அதனுள் சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிறார். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில் கோளாறு.

பிறகே பிரிக்கிறார். எந்த பேரிங் மூடி எந்த இடத்தில் இருந்தது என்று எண் குறித்து வைக்கிறார். மாற்றிப் பூட்டினால் தண்டு இறுகிச் சுற்றாமல் போகலாம். சிலிண்டரின் உட்புறத்தை மேலும் கீழும் அளக்கிறார். மேல் வளையம் திரும்பும் இடத்தில்தான் தேய்வு அதிகம் இருக்கும். வெடிப்பின் சூடும் அழுத்தமும் அங்கே கூடுதல், எண்ணெய் குறைவு. தேய்வு மிகுந்தால் சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுகிறார். கிராங்க் தண்டில் கீறல் விழுந்திருந்தால், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, இரு பங்கு என்று சாணை பிடித்து, அதற்கேற்பத் தடித்த பேரிங் பொருத்துகிறார். சிலிண்டர் தலையை இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, சிறிது சிறிதாக இறுக்குகிறார்.

இதெல்லாம் முடிந்த பின்னரே 'டியூனிங்'. வால்வு இடைவெளி, தீப்பொறி விழும் நேரம், கடைசியாக கார்புரேட்டர் என்ற வரிசையில் சரி பார்க்க வேண்டும். தேய்ந்த எஞ்சினில் கார்புரேட்டரை மட்டும் திருகிக்கொண்டிருப்பது, பசித்த பிள்ளைக்குப் பவுடர் பூசிப் பள்ளிக்கு அனுப்புவது போன்றது.

போருக்குப் பிறகு கலிபோர்னியாவில் இளைஞர்கள் இதே லோரி எஞ்சின்களை வாங்கிப் பந்தயக் கார்களில் பூட்டினார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று புகவும் புகை வெளியேறவும் தனித் தனி வழி கொண்ட, பன்னிரண்டு துவாரங்களுடைய புதிய தலையைச் செய்து பொருத்தினார்கள். ரெட் பால் ஓட்டுநர்கள் நாடியதும் வேகமே. இவர்கள் நாடியதும் வேகமே. ஆனால் இவர்கள் எஞ்சினை முதலில் உறுதியாக்கி, மூச்சு விட வழி செய்து, அதன் பிறகு வேகம் கேட்டார்கள். அவர்களுக்கு அந்த அவகாசத்தை யாரும் கொடுக்கவில்லை.

நேயர்களே, பள்ளிக்கூடத்தில் பிள்ளை பின்தங்கினால் "சோம்பேறி" என்று உடனே சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். மெக்கானிக் அப்படிச் சொல்வதில்லை. எந்தச் சிலிண்டரில் குறை, ஏன் குறை என்று அளந்து பார்த்த பிறகே கை வைக்கிறார். பட்டறையில் எண்ணெய்க் கறையோடு நிற்கும் உங்கள் மகன் செய்வதும் அளவும் கணக்கும் பொறுமையும் சேர்ந்த படிப்புதான். அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள். ஓயாமல் ஓடினால் இரும்பே தேய்கிறது. ஓட்டுகிற மனிதனுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அந்தச் சாலைகள் நமக்கு நினைவூட்டட்டும்.