கடன்பட்ட நினைவகம்

கணிப்பொறி பழுதடைவது வேறு. உறைந்து நிற்பது வேறு. பழுதடைந்த பொறி தன் குறையை ஏதேனும் ஒரு வகையில் காட்டிவிடும். உறைந்து நிற்கும் பொறியோ ஒன்றும் சொல்லாது. ஸ்ரீ கெம்பாங்கான் கடைவீடுகளின் மேல்மாடியில் இயங்கும் ஒரு கணக்கு அலுவலகத்தில், மாத இறுதிக் கணக்கு விரிந்திருக்கும் வேளையில் திரை அசையாது நின்றால், அங்கிருப்போர் முதலில் ஐயுறுவது வைரஸை. அடுத்துப் பொறியின் வயதை. புதுப்பொறி வாங்கப்படுகிறது. சில மாதங்களில் அதுவும் உறைகிறது. இப்பிணியின் மூலத்தைத் தேடியவர்களின் வரலாறு 1960ஆம் ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் என்னும் கணிப்பொறி 1962 டிசம்பர் 7ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. ஸ்ரீ கெம்பாங்கான் அந்நாளில் அவசரகாலத்தில் அமைந்த புதுக்கிராமம். சுற்றிலும் இரப்பரும் ஈயமும்தான். மலேசியாவுக்கு முதல் கணிப்பொறி வந்ததும் 1966இல்தான். அட்லஸின் விரைவு நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. அதன் விலை மிகுதி. ஆகவே 98,304 சொற்கள் கொள்ளும் காந்த உருளைகளை அதனுடன் இணைத்து, இரண்டும் ஒரே நினைவகம் போலத் தோன்றும்படி அவர்கள் செய்தனர். நிரல் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. தேவைப்படும் பக்கம் உள்ளே வரும்; தேவையற்றதெனக் கருதப்படும் பக்கம் உருளைக்குச் செல்லும். நிரல் எழுதுவோர் இதைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டியதில்லை. இல்லாத நினைவகத்தை இருப்பதாகக் காட்டிய இந்த ஏற்பாடே பின்னர் 'மெய்நிகர் நினைவகம்' எனப் பெயர் பெற்றது.

கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் நகரத்தார் கிட்டங்கிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கணக்கர் முன் இருப்பது சிறு மேசைப்பெட்டி. அதன்மீது இரண்டு பேரேடுகளை விரிக்கலாம். மற்றவை உள்ளறையில் இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் கணக்கு முடியும்வரை அதே இரண்டு ஏடுகள் போதுமானால் வேலை தடையின்றி நடக்கும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு ஏடு வேண்டுமென்றால், அவர் எழுதும் நேரத்தைவிட எழுந்து நடக்கும் நேரமே மிகும். வெளியிலிருந்து காண்போருக்கு அவர் ஓயாது உழைப்பதாகவே தோன்றும்; கணக்கு மட்டும் நகராது.

கணிப்பொறிக்கும் இதே கதி நேர்ந்தது. பலருடைய நிரல்களை ஒருசேர ஏற்ற பெரும்பொறிகள், ஓர் எல்லையைத் தாண்டியதும் மெதுவாகத் தளரவில்லை, சட்டென வீழ்ந்தன. பொறியாளர்கள் இந்நிலையைத் 'திராஷிங்' என்றனர். தமிழில் 'தத்தளிப்பு' எனலாம். பக்கங்களைத் தேர்ந்து வெளியேற்றும் முறையே பிழையானது என்பது பலரது கணிப்பு. ஐபிஎம் ஆய்வாளர் பெலாடி 1966இல் அம்முறைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். மிகச் சிறந்த முறைக்கு, இனி வரப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது பொறிக்கும் இயலாது, சோதிடருக்கும் இயலாது.

புதிரை அவிழ்த்தவர் பீட்டர் டென்னிங். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்த இவர், 1968இல் வெளியிட்ட இரு கட்டுரைகளில் நோயின் வேரைக் காட்டினார். ஒவ்வொரு நிரலும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு சில பக்கங்களையே மீண்டும் மீண்டும் நாடும். அத்தொகுதி முழுவதற்கும் இடம் தந்தால் நிரல் ஓடும், தராவிட்டால் தத்தளிக்கும். இதில் ஒரு கொடுமையும் உண்டு. பக்கங்கள் வந்து சேரும்வரை செயலி வெறுமனே காத்திருக்கும். அதைக் கண்ட மேலாண்மை நிரல், 'செயலிக்கு வேலை போதவில்லை' எனக் கருதி மேலும் ஒரு நிரலை உள்ளே விடும். நெருக்கடி இன்னும் முற்றும். ஆகவே, இடமில்லாதபோது புதிய நிரலை ஏற்காதிருப்பதே மருந்து என்றார் டென்னிங். அதுவரை மெய்நிகர் நினைவகத்தையே கைவிட வேண்டுமோ என ஐயுற்றவர்கள் இருந்தனர். அந்த ஐயம் நீங்கியதற்கு இவ்வாய்வு பெரிதும் துணைநின்றது.

ஆயினும், பெரும்பொறிகளில் கற்ற பாடம் மேசைப்பொறிகளுக்கு முழுமையாக வந்து சேரவில்லை. 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 வட்டில் இடமாற்றுக் கோப்பு வைத்துக்கொண்டது. லினக்ஸைப் படைத்த லீனஸ் டோர்வால்ட்ஸ், 2 மெகாபைட் நினைவகமே உடைய ஜெர்மானியப் பயனர் ஒருவரின் இடர்ப்பாட்டைக் கேட்டு, 1991 டிசம்பரில் இவ்வசதியைச் சேர்த்தார். மேசைப்பொறியிலோ வாயிலில் நின்று 'இடமில்லை' எனச் சொல்ல எவரும் இல்லை. பயனர் சாளரங்களைத் திறந்துகொண்டே போவார். பொறியும் கடன் வாங்கிக்கொண்டே போகும்.

அந்தக் கடனின் வட்டி கடுமையானது. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி. சுழலும் வட்டிலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி. இடைவெளி ஒரு இலட்சம் மடங்கு. ஒரு நிமிட வேலை ஏறத்தாழ 69 நாள் ஆவது போன்றது இது.

நோயறியும் வழியில் இன்றும் பலர் தடுமாறுகின்றனர். இடமாற்றுப் பகுதியில் எவ்வளவு நிறைந்துள்ளது என்பதை மட்டும் பார்ப்பது பயனற்றது. நெடுநாள் தொடாத பக்கங்கள் அங்கே உறங்கிக் கிடந்தால் தீங்கில்லை. நொடிக்கு எத்தனை பக்கங்கள் உள்ளே வருகின்றன, எத்தனை வெளியே போகின்றன என்பதே கேள்வி. லினக்ஸில் 'விஎம்ஸ்டாட்' என்னும் கட்டளை இவ்விரு எண்களையும் அடுத்தடுத்த பத்திகளில் காட்டும். இரண்டும் ஓயாது ஏற, செயலி வட்டுக்காகக் காத்துக் கிடந்தால் ஐயத்திற்கு இடமில்லை. பழைய பொறிகளில் அணையாது எரியும் வட்டு விளக்கே போதுமான சான்று.

இடமாற்றை அடியோடு நிறுத்திவிட்டால் தீரும் என்பாரும் உளர். அது தீர்வன்று. அப்போது பொறி, நிரல்களின் கட்டளைப் பக்கங்களையே நினைவகத்திலிருந்து அகற்றி, அடுத்த கணமே வட்டிலிருந்து மீண்டும் படிக்கும். இடமாற்றுக் கோப்பே இல்லாத பொறியும் இதனால் உறைவது உண்டு.

டென்னிங்கின் கட்டுரைகள் வெளிவந்து 50 ஆண்டுகளுக்குப் பின், 2018இல், பேஸ்புக் பொறியாளர்கள் உருவாக்கிய ஓர் அளவுகோல் லினக்ஸில் சேர்ந்தது. எவ்வளவு நினைவகம் தீர்ந்தது என்பதை அது கேட்பதில்லை. இடமின்மையால் நிரல்கள் எவ்வளவு நேரம் காத்து நின்றன என்பதையே கேட்கிறது. 2021இல் ஃபெடோரா என்னும் லினக்ஸ் வெளியீடு இவ்வளவுகோலைக் கொண்டு, பொறி உறைவதற்கு முன்பே ஏதேனும் ஒரு நிரலை முடித்துவைக்கும் காவல் நிரலை இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. எந்த நிரலை முடிப்பது என்பதையும் அக்காவல் நிரலே தேர்கிறது. அதில் சேமிக்காத கணக்கு திறந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.