மைசூரில் பிறந்த 30 வாட் குரல்

மைசூர் என்றவுடன் அரண்மனையும் தசராவும் சாமுண்டி மலையும் நம் நினைவில் எழுகின்றன. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு இந்நகரில் குடியேறிய நாமும் ஊரிலிருந்து உறவினர் வந்தால் இவற்றையே அழைத்துச் சென்று காட்டுகிறோம். யாதவகிரியிலுள்ள வானொலி நிலையத்தைக் காட்டுவோர் அரியர். ஆயினும் இந்திய ஒலிபரப்பின் வரலாற்றிலே அப்பகுதிக்குத் தனிச் சிறப்பு உண்டு. இன்றைய நிலையத்திற்குச் சுமார் 200 கஜ தூரத்திலே 'விட்டல் விகார்' என்ற பெயருடன் ஓர் இல்லம் இருந்தது. நாட்டின் வானொலி இன்று தாங்கி நிற்கும் பெயர் முதன்முதலாக வானில் ஏறியது அந்த இல்லத்திலிருந்துதான்.

அவ்வில்லத்தின் தலைவர் டாக்டர் எம். வி. கோபாலசுவாமி. இவர் இலண்டனில் ஸ்பியர்மன் என்னும் உளநூல் அறிஞரிடம் பயின்று திரும்பி, மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் துறையைத் தோற்றுவித்த பேராசிரியர். பொறியியல் அவர் தொழிலன்று. மனித மனத்தை ஆராய்ந்தவர். கல்வி, வகுப்பறைச் சுவர்களைக் கடந்து மக்களிடம் செல்ல வேண்டும் என்று விரும்பியவர். 1935 செப்டம்பர் 10ஆம் நாள், 30 வாட் ஆற்றலுள்ள ஒலிபரப்பு யந்திரம் ஒன்றைத் தம் வீட்டிலேயே நிறுவி, அவர் ஒலிபரப்பைத் தொடங்கினார். அந்த நிலையத்திற்கு 'ஆகாசவாணி' என்னும் பெயர் அமைந்தது.

30 வாட் என்பது எவ்வளவு? நம் வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறி ஏற்கும் மின்சாரத்திற் பாதிகூட ஆகாது. அத்துணைச் சிறிய ஆற்றலைக் கொண்டு ஒரு நகருக்குப் பாட்டும் சொற்பொழிவும் எங்ஙனம் வழங்க முடிந்தது? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், யந்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. யந்திரத்திற்கும் கூரைமேல் கட்டிய ஏரியல் கம்பிக்கும் இடையே உள்ள உறவைப் பார்க்க வேண்டும்.

வாய்க்கால் பாசனத்தைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அகன்ற வாய்க்காலில் விரைந்து வரும் நீர், குறுகிய மடையை அடைந்தால் ஒரு பகுதியே உள்ளே செல்லும். எஞ்சியது மோதித் திரும்பும். மின்னலைகளும் அவ்வாறே. யந்திரம் எதிர்நோக்கும் மின்னெதிர்ப்பு ஓர் அளவாகவும், ஏரியல் காட்டும் மின்னெதிர்ப்பு வேறோர் அளவாகவும் இருப்பின், அலையின் ஒரு பகுதி வானத்திற் செல்லாமல் யந்திரத்தை நோக்கித் திரும்பிவிடும். இவ்விரண்டையும் இசைவிப்பதற்குச் சுருள்களும் கண்டென்சர்களும் கொண்ட ஓர் இணைப்பு வேண்டும். அதனையே இக்காலத்தார் ஆன்டெனா டியூனர் என்கின்றனர். வீணைக்குப் பேர்போன மைசூரிலே இதனைச் சுருதி சேர்த்தல் என்று சொன்னால் எவர்க்கும் புரியும். சுருதி சேராத பெரிய வாத்தியத்தை விடச் சுருதி சேர்ந்த சிறிய வாத்தியம் இனிமை தரும் அல்லவா?

இவ்வுண்மையை நாம் நூலிற் படித்து அறியவில்லை. மைசூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், இரவு நேரங்களில் திருச்சி வானொலியைக் கேட்கவேண்டும் என்ற ஆவல் நம்மை வாட்டியது. 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைவரிசையில் அந்த ஒலி வரும். பகலில் ஒன்றும் கேளாது. இருட்டியபின், மேல்வானத்து மின்மண்டலம் அலைகளைத் திருப்பி அனுப்பும்போது, இரைச்சலுக்கு நடுவே நம் ஊர்ப் பேச்சு மங்கலாக மிதந்து வரும். கையிலிருந்ததோ சிறிய டிரான்சிஸ்டர். பெரிய பெட்டி வாங்கினால் குறை தீரும் என்று எண்ணினோம். பக்கத்துத் தெருவில் ரேடியோ பழுதுபார்த்து வந்த முதியவர் ஒருவர் நம்மைத் தடுத்தார். "பெட்டியை மாற்றாதீர்கள், கம்பியைக் கவனியுங்கள்" என்றார்.

அந்த அலையின் நீளம் 320 மீட்டர். அதிற் பாதி நீளத்திற்குக் கம்பி கட்டுவதானால் 160 மீட்டர் வேண்டும். வாடகை வீட்டு மாடியில் அதற்கு இடம் ஏது? கிடைத்த கம்பி 15 மீட்டர்தான். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர் ஒன்றையும், அட்டைக் குழலில் சுற்றிய சுருள் ஒன்றையும் அக்கம்பியோடு அவர் இணைத்தார். அச்சுருளிலிருந்து சில சுற்றுக்களை நம் டிரான்சிஸ்டரின் உடலைச் சுற்றிப் படியவிட்டார். பின்னர்க் கண்டென்சரை மெல்லத் திருப்பினார். ஓரிடத்தில் இரைச்சல் தாழ்ந்தது, திருச்சி எழுந்தது. அன்றிரவு நம் வீட்டில் எல்லோரும் உறங்க நெடுநேரமாயிற்று. மழை இடி வருங்கால் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்று அவர் இருமுறை எச்சரித்ததும் நினைவிருக்கிறது.

தனிமனிதர் ஆர்வத்தால் ஒலிபரப்புப் பிறந்த கதை மைசூருக்கு மட்டும் உரியதன்று. சென்னையிலே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் 40 வாட் யந்திரம் கொண்டு அக்கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 200 வாட் யந்திரத்தைப் பெற்றது. ஆயினும் பொருள் முடை காரணமாக 1927இல் நின்றுபோயிற்று. யந்திரம் சென்னை நகராட்சியிடம் சேர்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் நகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்து மக்களைக் கேட்கச் செய்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது 1938 ஜூன் 16ஆம் நாளன்று. அரசாங்கம் வருமுன்னரே ஆர்வலர் வந்துவிட்டனர் என்பதை இவ்விரு நகரங்களின் வரலாறும் ஒருமுகமாகக் காட்டுகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்வது நலம். கோபாலசுவாமி நடத்தியது ஒலிபரப்பு. ஒருவர் பேசப் பலர் கேட்பது. 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் வானொலி வேறு. அங்கே உரிமம் பெற்றவர் இருவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வர். பொதுமக்களுக்காகப் பாட்டோ செய்தியோ பரப்பலாகாது. ஆனால் இரண்டிற்கும் ஆர்வமே வித்து; கருவிகளும் ஒரே குலத்தவை. நம் நாட்டில் 1921இல் கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்து இத்துறையில் முதல்வராக விளங்கினார். 1939இல் உலகப் போர் மூண்டதும் அமெச்சூர் உரிமங்கள் இரத்தாயின. யந்திரங்களை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது. அந்நிலையிலும் 1942 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை பம்பாயில் உஷா மேத்தாவும் அவர் தோழர்களும் இரகசியக் காங்கிரஸ் வானொலியை நடத்தினர். போருக்குப்பின், 1948 மே 15இல் மோவ் நகரில் அமெச்சூர்களின் அகில இந்தியச் சங்கம் உருவாயிற்று.

அக்காலத்து அமெச்சூர்களுக்குக் கருவி கிடைப்பதே அரிது. போர் முடிந்து இராணுவம் கழித்துவிட்ட பெட்டிகளைப் பழைய சாமான் சந்தையில் வாங்கி, பிரித்து, மாற்றிக் கட்டினர். வால்வுகள் கொண்ட அந்த யந்திரங்கள் பொறுமையுள்ளவை. முகப்பிலுள்ள இரண்டு குமிழ்களைத் திருப்பியே பலவகைக் கம்பிகளோடும் அவற்றை ஓரளவு இசைவித்துவிடலாம். டிரான்சிஸ்டர் யந்திரங்கள் வந்தபின் நிலைமை மாறியது. இவை 50 ஓம் என்ற ஒரே அளவையே எதிர்பார்ப்பவை. இசைவு குலைந்தால் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஆற்றலைக் குறைத்துவிடுபவை. தனி டியூனரின் தேவை இதனாலேயே பெருகியது. 1984இல் இறக்குமதி வரி நீக்கப்பட்டதும் அயல்நாட்டு டிரான்ஸீவர்கள் நம்மவர் மேசைகளை அடைந்தன.

இன்று இத்துறையில் நுழைய விரும்பும் இளைஞர் கடைக்குச் சென்றால் வழக்கமாகக் காண்பது 100 வாட் டிரான்ஸீவர். விட்டல் விகாரின் யந்திரத்தைப் போல் மும்மடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் அது. எதனை வாங்குவது என்று மயங்குமுன், கம்பி கட்ட எவ்வளவு இடம் உண்டு என்று அளப்பதே முறை. 40 மீட்டர் அலைக்கு, நடுவில் பிரித்த இருகைக் கம்பி ஏறத்தாழ 20 மீட்டர் நீளம் வேண்டும். அளவாக வெட்டி உயரக் கட்டிய கம்பிக்குச் சுருதி சேர்ப்பது எளிது. பல வேளை டியூனரே வேண்டியதில்லை. யந்திரத்தினுள்ளேயே அமைந்த டியூனர் சிறு பிசகுகளைத் திருத்தும்; பெரும் பிசகுக்கு வெளியே தனியாக ஒன்று வேண்டும். அது யந்திரத்தின் ஆற்றலைவிடக் கூடுதலாகத் தாங்கவல்லதாய் இருத்தல் நன்று.

இணைக்கும் வரிசையிலும் ஒழுங்கு உண்டு. முதலில் யந்திரம், அடுத்து அலை திரும்புவதைக் காட்டும் அளவுமானி, அடுத்து டியூனர், பின்னர்க் கேபிள், முடிவில் ஆன்டெனா. சுருதி சேர்க்கும்போது 10 வாட் போன்ற சிற்றாற்றலையே செலுத்த வேண்டும். இன்னொன்றும் மறத்தலாகாது. மேசைமேலுள்ள டியூனர் யந்திரத்தைச் சமாதானப்படுத்துமேயன்றி, கூரைமேலுள்ள கம்பியின் குற்றத்தை மாற்றாது. டியூனருக்கும் கம்பிக்கும் இடையே அலை முன்னும் பின்னும் அலைந்து, கேபிளில் வெப்பமாக வீணாகும். ஆகவே பிசகு பெரிதாயின் டியூனரைக் கம்பியின் அடியிலேயே வைப்பது மேல்.

இத்தகைய ஆர்வலர்களால் நாட்டிற்கு என்ன பயன் என்று கேட்போர் உளர். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் குழு ஒன்று அந்தமானில் உலகோடு பேசுவதற்கென முகாமிட்டிருந்தது. 26ஆம் நாள் கடல் பொங்கியது. தொலைபேசி தொடர்பு அற்றது. பொழுதுபோக்காக ஏற்றிய கம்பியே அன்று உயிர்நாடியாயிற்று. கடல் கடந்து அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் பல. அவர்தம் நலச் செய்திக்காகத் தாய்நாட்டில் காத்திருந்தவர்க்கு, அந்தச் சிறு யந்திரத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியிராது.

மீண்டும் மைசூருக்கு வருவோம். கோபாலசுவாமியின் நிலையம் பிறகு 250 வாட் யந்திரத்தைப் பெற்றது. ஆயினும் ஒரு பேராசிரியரின் கைப்பொருள் எத்தனை நாள் தாங்கும்? நகரசபை உதவிற்று, 1942இல் மைசூர் சமஸ்தான அரசாங்கம் நிலையத்தை ஏற்றுக்கொண்டது. 1950 ஏப்ரல் 1இல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955இல் நிலையம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அங்கு ஆற்றல் மிகுதி. மைசூர் மக்கள் அதையும் கேட்டனர். ஆயினும் மைசூரிலிருந்தே எழும் குரலுக்கு 1974 வரை, ஏறக்குறைய 19 ஆண்டுகள், அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. பெரிய யந்திரத்தின் குரல் தங்களை எட்டுகிறது என்பதற்காகத் தங்கள் ஊர்க் குரல் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இது நன்கு விளங்கும். எத்தனை மொழிகளில் எத்தனை அலைவரிசைகள் ஒலித்தாலும், திருச்சி மங்கலாகக் கேட்கும் அந்த ஓர் இடத்தையன்றோ நம் விரல்கள் தேடின?

நிலையம் நகரை விட்டுச் சென்றபோதிலும் பெயர் மட்டும் நாடெங்கும் பரவியது. 1950களின் பிற்பகுதியில் மைய அரசு தன் ஒலிபரப்புக்கு 'ஆகாசவாணி' என்னும் பெயரை ஏற்றது. 2023இல் ஆங்கிலப் பெயரை விடுத்து அதனையே எங்கும் வழங்குமாறு பணித்தது. தமிழ் ஒலிபரப்பிலோ 'வானொலி' என்னும் சொல்லே நெடுங்காலம் வேரூன்றி நின்றது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இவ்விரு சொற்களையும் பலமுறை அருகருகே வைத்துப் பார்த்ததுண்டு. ஒன்று வானத்தின் வாக்கு. மற்றொன்று வானத்தின் ஒலி. முன்னது சொல்பவரை நினைவூட்டுகிறது. பின்னது கேட்பவர் செவியை நினைவூட்டுகிறது. சொல்பவரும் கேட்பவரும் இசைந்தாலன்றி இரண்டும் பொருளற்றவையே.

அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வரும்போது, அரண்மனையைக் காட்டியபின் அவர்களை யாதவகிரிப் பக்கமும் அழைத்துச் செல்வோம். அங்கே காட்டுவதற்கு மாடமாளிகை ஒன்றுமில்லை. "இங்கே ஒருவர் தம் வீட்டில் 30 வாட் யந்திரத்தை வைத்துப் பேசினார், அதன் பெயரையே நாடு தனக்குச் சூட்டிக்கொண்டது" என்று சொல்லலாம். ஆற்றல் சிறிதாயிருப்பது பற்றி எந்த ஆர்வலரும் சோர்வடைய வேண்டாம் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேறு என்ன வேண்டும்?