முதியோர் இல்லங்களில் நடமாட்டம் பேணல்

முதியோர் இல்லங்களில் நடமாட்டம் பேணல் என்பது, முதியோர் இல்லத்திலோ நீண்டகாலப் பராமரிப்பு நிலையத்திலோ வசிக்கும் ஒருவர், எழுதல், நிற்றல், நடத்தல், கழிவறைக்குச் சென்று வருதல் ஆகியவற்றைத் தாமாகவோ சிறு துணையுடனோ இயன்றவரை நீண்டகாலம் செய்யும்படி பார்த்துக்கொள்வதைக் குறிக்கும். இதில் இயன்முறை மருத்துவர், இல்லப் பணியாளர், உறவினர் ஆகிய மூவருக்கும் பங்குண்டு. நடமாட்டம் குன்றிய ஒருவர் பின்னர் படுக்கைப்புண், நுரையீரல் தொற்று, மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு எளிதில் ஆளாவதால், இது வெறும் வசதி சார்ந்த செய்தி அன்று.

சென்னையில்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளத்தில் இது 12.6 விழுக்காடு. நந்தனம், மயிலாப்பூர், அடையாறு போன்ற தென்சென்னைப் பகுதிகளில், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, மின்தூக்கி இல்லாத பழைய அடுக்குமாடி வீடுகளில் படியேற முடியாமல் போவதும் முதியோர் இல்லத்தை நாடுவதற்கு ஒரு காரணமாகிறது.

ஆதரவற்றோரைப் பேணும் வழக்கம் சென்னையில் பழையது. 1782 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கஞ்சி வார்க்கும் இடமாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் பின்னர் முதியோர் இல்லமாகவும் விளங்கியது. அதனையொட்டி எழுந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று வடசென்னை மக்கள் அழைத்தது இதனாலேயே. பாலவாக்கத்திலுள்ள விசுராந்தி இல்லத்தை 1978 இல் சாவித்திரி வைத்தி தோற்றுவித்தார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வ. செ. நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். அவருக்கு 2012 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பெப்ரவரியில் திறக்கப்பட்டது.

நடை குறைவதன் காரணங்கள்

வயதோடு தசை தேய்வது இயல்பு. இத்தேய்வைக் குறிக்கும் 'சார்க்கோபீனியா' என்னும் சொல்லை 1989 இல் இர்வின் ரோசன்பர்க் முன்மொழிந்தார். ஆனால் இல்லங்களில் காணப்படும் விரைவான தளர்ச்சிக்கு வயது மட்டும் காரணமன்று, பயன்படுத்தாமையும் காரணம். 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல்நலமுள்ள முதியவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசைத்திசுவை இழந்தனர். காய்ச்சலுக்காக ஒரு வாரம் படுத்த பாட்டி பின்னர் எழவே இல்லை என்று குடும்பங்களில் சொல்லப்படுவதன் பின்னணி பெரும்பாலும் இதுவே.

இதனை முதலில் எதிர்த்துச் செயற்பட்டவர்களுள் ஒருவர் இலண்டன் மருத்துவர் மார்ச்சோரி வாரன். 1935 இல் மேற்கு மிடில்செக்சு மருத்துவமனை தனக்கு அருகிலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பிரிவை ஏற்றுக்கொண்டபோது, ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த நூற்றுக்கணக்கானோர் அவர் பொறுப்பில் வந்தனர். அவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து, எழுப்பி, நடக்கப் பழக்கி, பலரை வீட்டுக்கு அனுப்பினார். முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததற்கு இப்பணி அடித்தளம் எனலாம்.

பயிற்சி பற்றிய ஆய்வுகள்

தொண்ணூறு வயதில் தசை வளருமா என்ற ஐயத்தைத் தீர்த்தவர் மரியா பியாடரோன். 1990 இல் வெளியான அவரது ஆய்வில், சராசரியாக 90 வயதான, பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த சிலருக்கு எட்டு வாரங்கள் எடைதூக்கும் கால்பயிற்சி தரப்பட்டது. பயிற்சியை முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. 1994 இல் பாசுடன் நகர இல்லம் ஒன்றில் 100 பேரைக் கொண்டு அவர் நடத்திய பெரிய ஆய்வில் வலிமை உயர்வு 113 விழுக்காடாகவும், நடைவேக உயர்வு சுமார் 12 விழுக்காடாகவும் இருந்தன. பயிற்சியின்றிச் சத்துபானம் மட்டும் பெற்றவர்களிடம் இம்முன்னேற்றம் காணப்படவில்லை. பார்க்க வரும்போதெல்லாம் சத்துமாவு டப்பா வாங்கி வரும் உறவினர் கருத்தில் கொள்ளவேண்டிய முடிவு இது. எனினும் புரதம் தேவையே. சிறுநீரக நோய் இல்லாத முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. சோறும் இரசமும் மட்டுமான இரவு உணவில் இது எட்டாது. பருப்பு, முட்டை, தயிர், சுண்டல் ஆகியவை சேரவேண்டும்.

65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி செய்யவேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020 இல் அறிவுறுத்தியது. நந்தனத்திலுள்ள ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920 இல் நிறுவப்பட்டது. உடற்கல்விக்கு நூறாண்டு மரபுள்ள நகரிலும் அது பள்ளிப் பிள்ளைகளுக்குரியது என்ற எண்ணமே மேலோங்கியுள்ளது.

உறவினரின் பங்கு

வாரம் ஒருமுறை வரும் மகனோ மகளோ பேத்தியோ பெரும்பாலும் கட்டிலருகே அமர்ந்து பேசிவிட்டுச் செல்வர். அந்த நேரத்தில் ஒரு பகுதியை நடையாக மாற்றுவதே எளிய உதவி. உணவுக்கூடம் வரை சேர்ந்து நடக்கலாம். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் செய்யலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தச் சொல்லலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் இருந்தால் நிறுத்தி மருத்துவரிடம் கூறவேண்டும்.

எழுப்பும் முறை முக்கியமானது. கையைப் பிடித்து இழுப்பதும் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் தோள்மூட்டைக் காயப்படுத்தும். முதியவர் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னே இழுத்து, உடலை முன்னே சாய்த்து, நாற்காலிக் கைகளை ஊன்றித் தாமே எழவேண்டும். உடன் இருப்பவர் பக்கவாட்டில் நின்றால் போதும். படுக்கையிலிருந்து எழுவோர் ஓரிரு நிமிடம் விளிம்பில் அமர்ந்திருப்பது நல்லது. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 பாதரச மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் சரிந்தால் அது நிலைமாற்றத் தாழழுத்தம் எனப்படும். இரத்த அழுத்த மாத்திரைகளும் உறக்க மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டி மறுஆய்வு கோருவது பயனுள்ளது.

முன்னேற்றத்தை அறிய, 1991 இல் அறிமுகமான 'எழுந்து நடத்தல்' சோதனை உதவும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர ஆகும் நேரம் கணக்கிடப்படும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு கூடுதல் எனக் கொள்ளப்படுகிறது. கைக்கடிகாரம் ஒன்றே போதுமான கருவி. ஒருமுறை கிடைக்கும் எண்ணைவிட, மாதந்தோறும் அந்த எண் எவ்வாறு மாறுகிறது என்பதே அதிகம் சொல்லும்.

சென்னைத் தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும். கோடையில் வெயில் ஏறுமுன்னோ மாலையிலோ நடப்பது நன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி படிந்த முற்றம் ஆபத்தானது. தாழ்வாரத்தில் நடப்பதே சரி. வெளியே அழைத்துச் செல்ல விரும்புவோருக்கு மெட்ரோ ஏற்றது. 2018 இல் திறக்கப்பட்ட நந்தனம் நிலையம் உட்பட அதன் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. நடைமேடையும் பெட்டியும் சமதளத்தில் உள்ளன.

கைத்தடியும் பிறவும்

கைத்தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்கவேண்டும். தடியை வலியில்லாத காலின் பக்கத்துக் கையில் பிடிப்பதே முறை. பலர் இதனை மாற்றிச் செய்கின்றனர். நுனியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றவேண்டும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது வலியுள்ள காலும் முதலில் செல்லவேண்டும். தாத்தாவின் பழைய தடி பாட்டிக்குப் பொருந்தும் எனக் கருதலாகாது. தரையில் இழுபடும் வேட்டியும் புடவையும், பின்பட்டை இல்லாத செருப்பும் தடியின் பயனைக் கெடுக்கும்.

வீழ்ச்சி அச்சம்

பல இல்லங்களில் நடமாட்டத்தைக் குறைப்பது நோயன்று, அச்சம். முதியவர் விழுந்தால் குடும்பம் கோபிக்கும் என்பதால் பணியாளர் அவரை உட்காரவைக்கின்றனர். உட்கார்ந்தே இருப்பதால் கால் தளர்கிறது. பிறகு எழும்போது உண்மையிலேயே விழுகிறார். நாற்காலியில் துணியால் கட்டிவைப்பதும் சில இடங்களில் உண்டு. அமெரிக்காவில் 1987 ஆம் ஆண்டுச் சட்டம், ஒழுங்குபடுத்தவோ பணியாளர் வசதிக்காகவோ கட்டிவைக்கப்படாதிருப்பதைப் பராமரிப்பு இல்லவாசியின் உரிமையாக்கியது. குடும்பத்தினர், நடப்பதில் சிறிது இடர் உண்டு என்பதைத் தாம் ஏற்றுக்கொள்வதாக நிருவாகத்திடம் எழுத்தில் தெரிவிப்பது பணியாளரின் தயக்கத்தைக் குறைக்கக்கூடும். முதியவரின் விருப்பமும் கேட்கப்படவேண்டும். கழிவறைக் கைப்பிடி, இரவு விளக்கு, உலர்ந்த குளியலறைத் தரை, சரியான மூக்குக்கண்ணாடி ஆகியவை விழும் வாய்ப்பைக் குறைக்கும், கால்களை முடக்குவதில்லை.

சட்டமும் திட்டங்களும்

2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோருக்கான இல்லம் அமைப்பது பற்றிக் கூறுகிறது. ஓய்வுகால இல்லங்களுக்கென நடுவண் அரசு 2019 இல் வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள் வழுக்காத தரை, கைப்பிடிகள் போன்ற கட்டட வசதிகளை வலியுறுத்துகின்றன. 2017 இல் தொடங்கிய இராட்டிரிய வயோசிறீ திட்டத்தின்கீழ் ஏழை முதியோருக்குக் கைத்தடி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி ஆகியவை இலவசமாக வழங்கப்படுகின்றன. முதியோருக்கான நாடு தழுவிய உதவி எண் 14567 ஆகும்.