சட்டசபையிலிருந்து ஆலைக்கு: பொள்ளாச்சி நா. மகாலிங்கம் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

தொழிலதிபர் வரலாறுகள் பெரும்பாலும் தனிமனித முயற்சியின் புகழுரைகளாகவே எழுதப்படுகின்றன. பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தின் (1923–2014) வரலாறும் அதற்கு விலக்கன்று. சட்டசபை உறுப்பினர் ஒருவர் பெருந்தொழிலதிபரான இந்நிகழ்வை விளங்கிக்கொள்ள, அவரது ஆற்றலோடு அவர் சார்ந்த வர்க்கத்தின் வளர்ச்சிப் போக்கையும் நோக்குதல் வேண்டும்.

அவரது தந்தையார் நாச்சிமுத்துக் கவுண்டர் 1931 இல் ஆனைமலை பஸ் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கினார். கொங்கு நாட்டு நிலவுடைமையாளரின் உபரி, போக்குவரத்தாகவும் ஆலையாகவும் உருமாறத் தொடங்கிய காலம் அது. மகாலிங்கம் 1952 முதல் 1967 வரை காங்கிரஸ் உறுப்பினராகச் சட்டசபையில் இருந்தார். எனவே, மூலதனம் பதவிக்கு முந்தியது என்பது தெளிவு.

பதவிக்காலத்தில் நிகழ்ந்தது வேறொன்று. மேற்கே பாய்ந்த ஆனைமலை ஆறுகளைச் சுரங்கங்கள் வழியே கிழக்குச் சமவெளிக்குத் திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக வாதாடியோருள் அவர் முக்கியமானவர். பொதுப்பணத்தால் வந்த நீர், நிலவுடைமையாளரின் நிலப்பெறுமதியை உயர்த்தியது. 1961 இல் சக்தி சர்க்கரை நிறுவனம் தோன்றியது; அதன் ஆலை பவானிக்கு அருகே அப்பக்கூடலில் அமைந்தது. சர்க்கரைத் தொழிலோ அன்று அரசைச் சாராது இயங்க இயலாததாக இருந்தது: உரிமம், கரும்பின் குறைந்தபட்ச விலை, ஆலைக்கென ஒதுக்கப்படும் கரும்புப் பரப்பு ஆகிய யாவும் அரசின் தீர்மானங்களாக இருந்தன. 1967 இல் காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தபின்னரும் அவரது தொழில்கள் வளர்ந்தன. காலூன்றிவிட்ட மூலதனத்துக்குச் சட்டசபை ஆசனம் இன்றியமையாததாக இருக்கவில்லை. காந்தியத்தையும் வள்ளலார் நெறியையும் அவர் பரப்பியதைப் போலி எனத் தள்ளிவிடுதல் தகாது. கருணையை உடையவனின் கடமையாகக் காணும் அறம், உடைமை உறவைக் கேள்விக்குள்ளாக்குவதில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

இவ்வரலாறு முள்ளியவளையிலிருந்து நோக்குவோர்க்கும் பயன் தரும். இரணைமடுவும் முத்தையன்கட்டும் பொதுப்பணத்தில் உருவான பாசனக் குளங்களே. ஆயினும் வன்னியின் நீர் ஆலை முதலாளிகளை உருவாக்கவில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளை விற்பதற்கும் ஈடுவைப்பதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. அவை உழவரைக் காணி இழப்பிலிருந்து காத்தன. அதேவேளை காணி மூலதனமாவதையும் தடுத்தன. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை அரசுடைமையாகவே எழுந்தது. அதனையும் போர் அழித்தது. வன்னி மக்களிடம் முயற்சியில்லை என்னும் பேச்சு இப்பொருளியல் அடிப்படையை மறைக்கிறது.

2009 இன் பின்னர் முதலீட்டாளரே வன்னியை மீட்பர் என்னும் குரல் வலுத்தது. ஆனால் கொங்கு நாட்டிலேயே வேறொரு பாதையும் இருந்தது. உடுமலைப்பேட்டைக்கு அருகே எழுந்த அமராவதி சர்க்கரை ஆலை, கரும்பு விளைவிப்போரின் கூட்டுறவு ஆலையாகும். கூட்டுறவிலும் கரும்பு வெட்டும் கூலியாளுக்குப் பங்கு கிடைத்துவிடாது என்பது உண்மையே. எனினும், பொது நீரின் பயன் தனியுடைமையாகித்தான் தீரவேண்டும் என்னும் நியதி இல்லை என்பதை அது காட்டுகிறது. வன்னிக்கு ஒரு மகாலிங்கம் வாய்ப்பாரா என்பதைவிட, குளத்து நீரும் உழவர் உழைப்பும் சேர்ந்து உண்டாக்கும் உபரி யாரைச் சென்றடையும் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.