உஸ்பெகிஸ்தான் ஜவுளித் தொழில்

மத்திய ஆசிய நாடான உஸ்பெகிஸ்தானில் பருத்தி சாகுபடி முதல் ஆயத்த ஆடை வரை நடைபெறும் தொழில். அரசுத் திட்டமிடலிலிருந்து சந்தைக்கு மாறிய பொருளாதாரங்களில் மூலப்பொருளும் உழைப்பாளிகளும் தாராளமாக இருந்தும் ஒரு நாடு உலக வணிகத்தில் பின்தங்கியது ஏன் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான சான்று அரிது.

சோவியத் ஒன்றியத்தின் பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இங்கே விளைந்தது. அதில் பெரும்பகுதி பஞ்சுப் பொதிகளாக ருஷ்யாவின் இவானவோ போன்ற ஆலை நகரங்களுக்குப் போனது. ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரை வயல்கள் உறிஞ்சியதில் ஏரல் கடல் வற்றியது. தண்ணீரின் விலையை இந்த நாடு கொடுத்தது. நூலும் துணியும் ஆக்கிக் கிடைக்கும் வருமானம் வேறிடத்தில் சேர்ந்தது.

1991இல் விடுதலை பெற்ற பிறகும் விளைச்சல் இலக்கையும் கொள்முதல் விலையையும் அரசே நிர்ணயித்தது. உலகச் சந்தையைவிடக் குறைந்த விலையே உழவருக்குக் கிடைத்தது. அறுவடைக் காலத்தில் ஆசிரியர்கள், செவிலியர்கள், மாணவர்கள் ஆகியோர் வயலுக்கு அனுப்பப்பட்டனர். நெடுங்காலம் சிறுவர்களும் பஞ்செடுத்தனர். இந்தக் கொடுமையை எதிர்த்து 300க்கும் மேற்பட்ட பன்னாட்டு நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியை வாங்குவதில்லை என உறுதியளித்தன. வணிக நோக்கில் பார்த்தாலும் இது பேரிழப்பு: மலிவான பஞ்சு கைவசம் இருந்தும் மேற்கத்திய ஆடைச் சந்தையின் கதவு சாத்தியே கிடந்தது.

2016இல் ஷவ்கத் மிர்சியோயெவ் ஆட்சிக்கு வந்தபின் நிலைமை மாறியது. 2017 செப்டம்பரில் சோம் நாணயத்தின் மாற்று விகிதம் தாராளமாக்கப்பட்டது; இயந்திரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி பெறுவது எளிதாயிற்று. 2020இல் பருத்திக்கான அரசு இலக்கு ஒழிந்தது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை தந்தது. 2021 அறுவடையில் அமைப்புரீதியான கட்டாய உழைப்பு இல்லை எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. 2022 மார்ச்சில் புறக்கணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. கூலியை எவ்வளவு குறைத்தாலும் திறக்காத சந்தை, கட்டாயம் நீங்கியதும் திறந்தது.

பஞ்சாக விற்பது இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டாலும் ஏற்றுமதியில் நூலின் பங்கு பெரிது. சீனா, ருஷ்யா, துருக்கி ஆகியவை முக்கியமாக வாங்குகின்றன. லாபம் கூடுவது சாயமிடுதலிலும் தையலிலும்தான். அங்கே தேவைப்படுபவை நயமான சாயப்பட்டறைகள், தடையில்லா எரிசக்தி, குறித்த நாளில் சரக்கைச் சேர்க்கும் திறன். கடலை அடைய எத்திசையில் போனாலும் குறைந்தது இரண்டு எல்லைகளைக் கடக்க வேண்டிய நாட்டுக்குக் கடைசியாகச் சொன்னதே கடினமானது.

அரசு இலக்கின் இடத்தில் 'கிளஸ்டர்' முறை வந்துள்ளது: ஒரு நிறுவனம் ஒரு மாவட்டத்தின் விளைநிலம், ஜின்னிங் ஆலை, நூற்பாலை அனைத்தையும் ஒரே சங்கிலியாக நடத்துகிறது. முதலீடு இதனால் வேகமாக வந்தது. ஆனால் பல மாவட்டங்களில் உழவருக்கு வாங்குபவர் ஒருவரே என்றாகி, விலை பேசும் வலிமை போயிற்று; பணம் தாமதமாக வருவதாகவும் முறையீடுகள் எழுந்தன. சுதந்திரமான தொழிற்சங்கங்களும் உழவர் கூட்டமைப்புகளும் இன்னும் வேரூன்றவில்லை. பஞ்சு எந்த வயலில், எந்த நிபந்தனையில் விளைந்தது என்று ஆடை வாங்கும் நிறுவனங்கள் இப்போது கேட்பதால், இவை ஏற்றுமதி ஒப்பந்தங்களையும் நேரடியாகத் தொடும் குறைகள்.